ஆறாவது டிஸ்க்

சித்தப்பா மூன்றாவது தடவையாகக் கப்பலுக்குக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. டாக்ஸியைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதே முக்கால் வரை அவர் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, முந்தின நாள் வாங்கி வந்த டிவிடி ரெக்கார்டரை டிவியோடு இணைத்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சித்தி, "கப்பல் உங்களுக்காக நிக்காதுங்க" என்று மூன்று தடவை குரல் கொடுத்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேமராவில் எடுத்ததை ரெக்கார்டர் வழியாக டிஸ்க்கில் எப்படிப் பதிவது என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது எனக்குப் பதினோரு வயது. அம்மாவுக்கு வேலை மாற்றலாகிப் போன இடத்தில் சரியான பள்ளிக்கூடம் இல்லாததால் சித்தி வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் பதிஞ்ச பிறகு மெனுவில கடைசி வரி. ஃபைனலைஸ். அதை அழுத்திட்டுப் பதினஞ்சு நிமிஷம் தொடாம இருக்கணும். இது உன் வேலை, கேமராம்மா" என்றார்.

டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது. இஸ்திரிச் சூடு ஆறாத சட்டைகளை அப்படியே பெட்டிக்குள் திணித்துக்கொண்டு போனார்.

ஏற்பாடு எளிமையானது. மாதம் ஒரு டிஸ்க். வீட்டையும் தெருவையும் நான் படம் பிடிப்பேன். சித்தி பேசுவாள், பெரும்பாலும் திட்டுவாள். கப்பல் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குத் தபால் பை கட்டிவிடுவார்கள். அதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் அடுத்த துறைமுகத்தில் அவர் கைக்குப் போய்ச் சேரும். கப்பலின் எலக்ட்ரீஷியன் அறையில், தன் லேப்டாப்பில் போட்டுப் பார்ப்பார். மாதத்துக்கு ஒரு முறை, எட்டு நிமிடத்துக்கு ஃபோனும் வரும். அந்த எட்டு நிமிடத்தில் பாதியை அவருடைய அம்மா பேசிவிடுவார். ஃபோன் இருந்தது கூடத்தில், அந்த அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். மிச்ச நான்கு நிமிடத்தில் சித்தி, "சாப்பிட்டீங்களா", "சரி", "வெச்சிடறேன்" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவாள். டிஸ்க்கில்தான் அவளுக்கு வாய் முளைக்கும்.

சித்தி அன்றும் இன்றும் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. எதிரே வருகிறவரின் கண்ணாடியைப் பார்த்தே பவர் என்ன என்று சொல்லிவிடுவாள். முகத்தைக் கேட்டால் தெரியாது. கடையில் விற்காமல் போன கண்ணாடிக் கூடுகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். ஊசி ஒரு கூட்டில், சாவி ஒரு கூட்டில், வலி மாத்திரை ஒரு கூட்டில். எது எதில் என்று அவளுக்கும் தெரியாது. காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஏழெட்டுக் கூடுகள் டப் டப்பென்று திறந்து மூடும் சத்தந்தான் அந்த வீட்டின் அலாரம்.

இருபத்தொரு வயதில் நான் ஊர் சுற்றக் கிளம்பினேன். நான்கு வருடம். பழம் பொறுக்கும் கொட்டகைகள், விடுதி வரவேற்பு மேசைகள், ஒரு படகுத் துறையில் டிக்கெட் கிழிக்கிற வேலை. திரும்பி வந்த பிறகு அம்மா வீட்டில் இருந்ததைவிடச் சித்தி வீட்டில் இருந்த நாட்கள்தான் அதிகம். ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டேன் என்பதால் சித்தி எனக்கு வைத்த பெயர் காத்தாடி. சித்தப்பா கப்பலை விட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. முட்டி தேய்ந்துபோய், ஒரு பெரிய குடியிருப்பில் மோட்டாரும் விளக்குகளும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அவருடைய அம்மா காலமாகியிருந்தார். கூடத்தில் கட்டில் இருந்த இடத்தில் இப்போது ஒரு மேசை, அதன் மேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் வெளியே வைத்துப் பயன்படுத்தும் டிவிடி டிரைவ், எதிரே சித்தி.

டிஸ்க்கில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிறவளாக அவள் ஆனது தற்செயலாகத்தான். கீழ்வீட்டுத் தையற்காரர் தன் மகள் கல்யாண டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுவந்து, லென்ஸில் கீறல் எடுக்கிற மாதிரி இதிலும் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாராம். முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஆனால் கை சும்மா இருக்காதே. லென்ஸ் துணியை எடுத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் துடைத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் வெறும் எண்ணெய்க் கறைதான். அன்றிலிருந்து தெருவே டிஸ்க்கோடு வர ஆரம்பித்தது.

வட்டமாகத் துடைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. எழுத்து வட்டமாக ஓடுகிறது, கீறலும் வட்டமாக விழுந்தால் ஒரு வரி முழுக்கப் போய்விடும், குறுக்கே விழுந்தால் டிரைவ் தாண்டிப் போய்விடும் என்று விளக்குவாள். பற்பசை போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்த உடற்பயிற்சிக்கூடக்காரரை, "டிஸ்க்குக்கு எத்தனை பல்லு தம்பி?" என்று கேட்டாள். அவர் அதன் பிறகு தன் தங்கையைத்தான் அனுப்பினார்.

டாக்ஸி ஓட்டுகிற அண்ணன் ஒருவர், தானே காப்பி பண்ணிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். ஒரு மணி நேரக் கல்யாணப் படம், ஒரே நிமிடத்தில் ஏறிவிட்டதாம். ஆனால் திறந்தால் ஒன்றும் ஓடவில்லை. சித்தி பார்த்தாள். டிஸ்க்கில் இருந்த சின்னச் சின்னக் குறிப்புக் கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டிருந்தார். படம் இருக்கிற பெரிய கோப்புகள் அப்படியே இருந்தன. "அண்ணே, வீடு மாத்தறேன்னு சொல்லிட்டு விலாசத்தை மட்டும் எடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள். பெரிய கோப்புகளும் துண்டு துண்டாகத்தான் இருக்கும், இருபது நிமிடத்துக்கு ஒன்று; அவற்றை வரிசை மாறாமல் ஒட்டித் தந்தாள். இல்லாவிட்டால் மாப்பிள்ளை சாப்பிட்டு முடித்த பிறகு தாலி கட்டுவார்.

தையற்காரரின் டிஸ்க் வேறு வகைத் தொல்லை. மேலே பூவும் புகைப்படமுமாகத் தடித்த காகித லேபிள் ஒட்டியிருந்தது. டிரைவ் வேகம் எடுத்ததும் மேசையே அதிர்ந்தது. தையற்காரர் லேபிளை உரித்துவிடலாம் என்றார். சித்தி அவர் கையைத் தட்டிவிட்டாள். உரித்தால் கூடவே உள் அடுக்கும் பிரிந்து வரும், அதில்தான் உங்கள் மகள் இருக்கிறாள் என்றாள். டிரைவின் வேகத்தை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கினாள். இரண்டரை மணி நேரம் ஆனது. நடுவில் கம்ப்யூட்டர் தூங்கிப் போகாமல் இருக்கிற மாதிரி முதலிலேயே மாற்றி வைத்திருந்தாள். அந்தப் பாடத்தை மூன்று பேர் டிஸ்க்கில் பட்டுத் தெரிந்துகொண்டாளாம்.

ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும் என்பது அவளுடைய முக்கியமான நம்பிக்கை. சித்தப்பாவின் பழைய கப்பல் லேப்டாப்பை அதற்காகவே வைத்திருந்தாள். திரை பாதி இருட்டு, ஆனால் அதன் டிரைவ் எதையும் விழுங்கும். புது டிரைவ் கடகடவென்று சத்தம் போட்டால், ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் செருகுவாள். முன்பக்கத் துளையில் கரண்ட் போதாதாம். படம் வந்து சத்தம் வராவிட்டால் வேறு பிளேயரில் போட்டுப் பார்ப்பாள். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று யாராவது முதல் வாக்கியமாகச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். முதலில் உன் பக்கத்தைப் பார், அப்புறம் அதைக் குற்றம் சொல்லு என்பாள்.

இப்படி ஊருக்கெல்லாம் செய்தவள், தன் வீட்டு டிஸ்க்கைத் தொட்டதே சித்தப்பா கேட்ட பிறகுதான். வெளுத்துப்போன ஜிப் பை ஒன்றில், கப்பலில் நெட் வரும்வரை அனுப்பிய முப்பத்தொரு டிஸ்க்கும் அலமாரி மேல் கிடந்தன. கப்பலிலிருந்து அவர் திருப்பிக் கொண்டுவந்தவை. வந்தபின் யாரும் பார்க்கவில்லை. டிவியில் போட்டு எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்கணும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசைப்பட்டுக் கேட்டார். நான் பேசியதை நானே எதற்குப் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்தபடியே சித்தி உட்கார்ந்தாள்.

ஒன்றிலிருந்து ஐந்து வரை அன்றைக்கே ஏறிவிட்டன. மறுநாள் மாலை நான் வெளியே போய்விட்டு வந்தபோது அவள் மேசை விளக்கின் கீழே ஒரு டிஸ்க்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே அவள் கையெழுத்தில் ஆறு என்று போட்டிருந்தது. துடைத்தாயிற்று, பின்பக்கத் துளை மாற்றியாயிற்று, வேகம் குறைத்தாயிற்று, கப்பல் லேப்டாப்பிலும் போட்டாயிற்று. எல்லாவற்றிலும் ஒரே பதில்: காலி டிஸ்க்.

"தூக்கிப் போடுங்க சித்தி, முப்பது இருக்கே" என்றேன்.

அவள் டிஸ்க்கை என் பக்கம் திருப்பினாள். அடிப்பக்கத்தில், நடுத் துளையை ஒட்டி, மெல்லிய மோதிரம் போல ஒரு வளையம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கருத்திருந்தது. லென்ஸில் தலைமுடி அளவு கீறலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குத்தான் அது தெரியும்.

"எழுதியிருக்கு. நாலு நிமிஷம். நான் அனுப்பறதுக்கு முன்னாடி இந்தக் கண்ணால பார்த்தேன். அவர் ஃபோன்ல காலின்னு சொன்னார்" என்றாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த மாதம் அவளுடைய கடை முதலாளியின் தம்பி, தன் கிடங்குக்கு ஒரு நல்ல எலக்ட்ரீஷியன் வேண்டும், ஒரு மாதம் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். சம்பளம் கப்பலில் பாதிகூட வராது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஃபோனில், மாமியார் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் மகனைக் கப்பலை விடச் சொல்கிறேன் என்று பேச முடியுமா? அதனால் வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். மாமியார் மருத்துவமனைக்குப் போயிருந்த நேரம். நான் பள்ளிக்கூடத்தில். கேமராவைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து, வந்துடுங்க, நான் சமாளிச்சுக்கறேன், சரின்னா ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க என்று பேசியிருக்கிறாள். ரெக்கார்டரில் பதிந்து, சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை முழுக்க ஓட்டியும் பார்த்துவிட்டு, நான்கு மணிப் பையில் கொண்டுபோய்ப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஃபோன் வந்தது. இந்தத் தடவை டிஸ்க்கில் ஒன்றும் இல்லையே, காலியாக இருக்கிறதே என்றார். அவளுக்கு அதுவே பதிலாகப் பட்டது. வர மாட்டேன் என்று சொல்ல மனசில்லாமல், பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் பயணம் முடிவதற்குள்ளேயே அவர் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் இன்னும் பல. ஒன்பது வருடம்.

"நல்ல மனுஷன்தான். எனக்கு ஒரு குறையும் வெச்சதில்லை. ஆனா ஒரு தடவை பொய் சொன்னவர். அது உள்ள ஒரு ஓரமா இருந்துட்டேதான் இருந்துச்சு" என்றாள். கம்ப்யூட்டர் திரையைக் காட்டினாள். "இப்ப இதுவும் அவரை மாதிரியே சொல்லுது."

நான் குறுக்கிட்டேன். "சித்தி, ஃபைனலைஸ் யார் பண்ணினா?"

"என்னது?"

"பதிஞ்சு முடிச்ச பிறகு, மெனுவில கடைசி வரி."

அவளுக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. பேசுவது அவள் வேலை, மிச்சம் என் வேலை. மற்ற முப்பது டிஸ்க்குக்கும் நான்தான் அதை அழுத்தினேன். அழுத்தாவிட்டால் பதிந்த ரெக்கார்டரில் மட்டும் படம் ஓடும். வேறு எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் காலி என்றுதான் காட்டும். அவள் வீட்டில் கண்ணால் பார்த்ததும் நிஜம், அவர் கப்பலில் கண்ணால் பார்த்ததும் நிஜம். சரிபார்க்கிறேன் என்று அவள் முழுக்க ஓட்டிப் பார்த்த நேரத்தில் அந்தப் பட்டனை அழுத்தியிருந்தால்கூடக் கால்வாசி முடிந்திருக்கும்.

நான் சொல்லி முடித்ததும் சித்தி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ரெக்கார்டர் எங்கே என்று கேட்டேன். பரண் மேல் இருந்தது. கரண்ட் கொடுத்தால் விளக்கு எரிந்தது, ஆனால் தட்டு வெளியே வரவில்லை. முனகியது, அவ்வளவுதான். அதைத் திறக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான்.

சித்தப்பா ஏழு மணிக்கு வந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கழற்ற ஒரு பொருள் கிடைத்தால் அவருக்குக் காரணம் வேண்டாம். மூடியைத் திறந்து, தட்டை இழுக்கிற சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்துபோயிருக்கிறது என்றார். அதைக் கழற்றித் தேநீர்க் கோப்பையில் வெந்நீர் ஊற்றி ஊறப்போட்டார். சுருங்கி இறுகிய பெல்ட்டை மறுபடி மாட்டியதும் தட்டு சறுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு குழந்தை பல் முளைத்ததைக் காட்டுகிற மாதிரி எங்களைப் பார்த்தார்.

"எந்த டிஸ்க்?" என்றார்.

சித்தி நீட்டினாள். "காலின்னு சொன்னீங்களே, அது."

அவர் வாங்கிப் பார்த்தார். ஞாபகம் இருந்தது. "இதுல ஒண்ணும் இல்லையேம்மா."

"இருக்குங்க. நீங்க பார்த்தப்போ தெரியலைன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

"அப்ப இத்தனை நாள் நான் பொய் சொன்னேன்னா நெனச்சிட்டிருந்தே?"

சித்தி மழுப்பவில்லை. "ஆமா" என்றாள். "பதினாலு வருஷமா."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"எங்க நின்னு கேக்கறது? உங்கம்மா தலைமாட்டுல நின்னா?"

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். காலி என்றால் ஏன் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்டேன். மேலே அவள் எழுத்து இருக்கிறதே, எப்படித் தூக்கிப் போடுவது என்றார். ஆறு என்கிற ஒரே ஒரு எண்.

பிறகு எலக்ட்ரீஷியன் குரலில் எச்சரித்தார். லேசர் பழசு. ஃபைனலைஸ் பாதியில் நின்றுபோனால் டிஸ்க் அதோடு சரி, ரெக்கார்டரிலும் ஓடாது. வேண்டுமென்றால் இப்போதே டிவியில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம், அது நிச்சயம். அப்படிப் பார்த்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சித்தி அதற்கு ஒப்பவில்லை. அது அவர் தனியாகப் பார்க்கட்டும் என்று அனுப்பியது, தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்றாள். "அழுத்துடி" என்றாள் என்னிடம்.

அழுத்தினேன். எண்பத்திரண்டு சதவீதத்தில் வந்து நின்றது. நான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். உட்காருடி காத்தாடி, தரை அதிருது என்று இருவரும் ஒரே குரலில் அதட்டினார்கள். உட்கார்ந்தேன். ஆறு நிமிடம் அதே எண். சித்தி லென்ஸ் துணியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அப்புறம் எண்பத்து மூன்று வந்தது. பிறகு தடையில்லாமல் ஓடி முடிந்தது.

கம்ப்யூட்டரில் போட்டதும் டிஸ்க் பெயரோடு வந்து நின்றது. காப்பி ஆக இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை. சரியாக ஓடுகிறதா என்று முதல் சில நொடி மட்டும் பார்த்தோம். கடை மேலங்கியோடு, மூச்சு வாங்க, இப்போதைய என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்த ஒரு பெண் கேமராவைச் சரியாக நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வாயைத் திறப்பதற்குள் சித்தி நிறுத்திவிட்டாள். பென் டிரைவில் போட்டு, ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, அவர் கையில் கொடுத்தாள். நாலு நிமிஷந்தான், தோணும்போது பாருங்க என்றாள்.

பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை. மறுநாள் கூடு அவர் சட்டைப் பையில் இருந்தது. மூன்று வாரம் கழித்தும் இருந்தது. சித்தி கேட்கவில்லை. மிச்ச டிஸ்க்குகளை ஏற்றி முடித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் இருவரும் டிவியில் பழைய வீட்டைப் பார்த்தார்கள். ஏழாவதிலிருந்து சித்தி டிஸ்க்கில் அதிகம் பேசாததை அவரும் கவனித்திருப்பார். குழாய், செடி, வானிலை என்று ஒப்பித்துவிட்டு எழுந்து போகிற ஒருத்தி. அவளைப் பார்க்கும்போது அவர் ரிமோட்டைக் கையில் உருட்டிக்கொண்டே இருப்பார். அன்றே பார்த்திருந்தால் வந்திருப்பாரா, மாட்டாரா என்பது மட்டும் பாக்கி. அதற்காகச் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

எனக்கு ஒரு மலைவிடுதியில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டேன். வாராவாரம் சித்தியிடமிருந்து ஏதாவது வரும். அதைப் பற்றி மட்டும் எதுவும் வராது. நானும் கேட்கவில்லை. ஏழு மாதம் போன பிறகு, ஒரு காலையில், படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய செய்தி வந்தது.

"காத்தாடி, சித்தப்பா நேத்து வாயைத் திறந்துட்டார். கூடு கையில வந்த அன்னைக்கே பார்த்துட்டாராம். இத்தனை மாசமா யோசிச்சாராம். அப்பவே பார்த்திருந்தாலும் வந்திருக்க மாட்டாராம். அந்த வயசுல கப்பலை விட முடிஞ்சிருக்காதுன்னு சொல்றார். வந்திருப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பேசாம நம்பியிருப்பேன், அது அவருக்கும் தெரியும். இந்த மனுஷனைப் போய்ப் பதினாலு வருஷம் பொய்யர்னு நெனச்சேன் பாரு. சொல்ல வேண்டிய இடத்துலகூட ஒரு பொய் சொல்லத் தெரியலை. ரெண்டு நாளைக்குப் பேசக்கூடாதுன்னு இருக்கேன். சாயங்காலம் வரைக்கும் தாங்குமான்னு தெரியலை."